மிதக்கும் கால்

போதகர் ஏசா ப்ரூயிட், லெமுவேல் ஹாட்சின் முதுகைத் தாங்கித் தண்ணீருக்குள் சாய்த்ததும், லெமுவேலின் மரக்கால் மட்டும் பாலிஷ் போட்ட காலணியோடு மேலே வந்து மிதந்தது. கிரீன் ஆற்றங்கரையில் பாடிக்கொண்டிருந்த சபை பாட்டை நிறுத்தியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ப்ரூயிட் அவரைத் தூக்கி நிறுத்தினார். ப்ரூயிட்டுக்கு வேதத்தின் ஒவ்வொரு எழுத்தும் அப்படியே உண்மை. யோனாவை விழுங்கிய மீன் வெறும் கதை என்று படித்தவர்கள் பேசத் தொடங்கியபோது, நகரத்துப் பெரிய கோயிலை விட்டுவிட்டு இந்த மரம் அறுக்கும் ஊருக்கு வந்தவர். ஞானஸ்நானம் என்றால் முழு ஆளும் முழுக வேண்டும். போன கோடையில் பள்ளிக்கூட டீச்சரின் முழங்கை நனையவில்லை என்று அவளை மறுபடியும் ஆற்றில் இறக்கினார்.

"இன்னொரு தடவைதான், போதகரே." லெமுவேல் மூக்கைச் சிந்தினார். "அதுக்கு மேல கேட்டீங்கன்னா நேரா வீட்டுக்குப் போயிடுவேன்."

கரையில் அவர் மனைவி ஆர்ஃபா கைகளைப் பிசைந்தாள். இந்த ஒரு காலைப்பொழுதுக்காக அவள் இருபத்திரண்டு வருடம் முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறாள்.

"கட்டைதானே, விட்டுத் தள்ளுங்க!" என்று கத்தினார் சபையின் உதவிக்காரர் டூலி.

"ஏன், யோனாவை மீன் முழுங்கறப்போ ஒரு கால் வெளியிலயா தொங்கிச்சு?" என்றாள் டூலியின் மனைவி.

சபையே சிரித்தது. ப்ரூயிட்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாதி மனிதனை முழுக்கிவிட்டு அவரால் எப்படித் தூங்க முடியும்? தண்ணீரைப் பார்த்தபடி நின்றவருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"லெமுவேல், உங்க நிஜக் காலை எங்க புதைச்சாங்க?"

"மர ஆலைக்குப் பின்னாடி. எதுக்கு?"

"கடைசி எக்காளம் ஊதி, செத்தவங்க எல்லாம் எழுந்திருக்கறப்போ அதுவும் எழுந்து உங்ககிட்ட வரும். நான் நம்பறேன்."

"நொண்டிக்கிட்டா?"

"ஓடி வரும்! அப்போ இந்தக் கட்டை நீங்க இல்ல. கழட்டுங்க."

லெமுவேலின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ரம்பம் காலை எடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. ஆர்ஃபாவைத் தவிர யாரும் அவரைக் கட்டை இல்லாமல் பார்த்ததில்லை.

"கழட்டினா எப்படி நிக்கறது?" என்றார் மெதுவாக.

"நிக்க வேண்டாம். நான் தூக்கிக்கறேன்."

"நீங்களா? மொத்தமா என் ஒரு தொடை அளவுக்குத் தேறுவீங்களா?"

ப்ரூயிட் இரண்டு கைகளையும் நீட்டினார். லெமுவேல் கரையைப் பார்த்தார். பிறகு குனிந்து, தண்ணீருக்கடியில் வார்களை அவிழ்த்தார். ஆர்ஃபா பாவாடையோடு இறங்கி வந்து மரக்காலை வாங்கிக்கொண்டாள்.

கரையில் அவரைத் தூக்க நாலு பேர் வேண்டும். ஆற்றில் அவர் பஞ்சாக இருந்தார். புதுப்பெண்ணைத் தூக்குவதுபோல அந்தப் பெரிய உடம்பை ஏந்தி, ப்ரூயிட் பிதாவின் பெயரையும் குமாரனின் பெயரையும் பரிசுத்த ஆவியின் பெயரையும் சொல்லி, தாடியின் கடைசி மயிர் வரை தண்ணீருக்குள் இறக்கினார். மேலே வந்தபோது லெமுவேல் அழுதுகொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பு ப்ரூயிட்டின் விலா எலும்புவரை குலுக்கியது. கரை முழுவதும் பாட்டு வெடித்தது.

அந்த ஈரத் தோளுக்கு மேலாக ப்ரூயிட் தற்செயலாகப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி, நாணல் மறைவில், ஆர்ஃபா மரக்காலைத் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள். அது திமிறிக்கொண்டு மேலே வந்தது. உதடு பிதா, குமாரன் என்று முணுமுணுக்க, முழங்காலைக் கொடுத்து மறுபடி அழுத்தினாள்.

ப்ரூயிட் முகத்தை வானத்துக்குத் திருப்பி, எல்லோரையும் விட உரக்கப் பாடினார். நாணலுக்குள் காலணியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்து வெயிலில் உடைந்தன.