தாணுலிங்கத்தின் கிடேரிக்கு வந்த கட்டி

வெள்ளைக்காரன் போவதற்கு முந்தைய வருஷம். நான் தூத்துக்குடி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். சாயர்புரம் சாலையோர ஊரொன்றில் கடை வைத்திருந்த தாணுலிங்கம், தன் கிடேரிக்குக் கழுத்து வீங்கிவிட்டதென்று ஆள் அனுப்பினார். டாக்டர் ஜேசுதாசனோடு நானும் போனேன்.

இன்னும் பல் போடாத இளங்கிடேரி. தாணுலிங்கம் தினமும் அதன்மேல் தடவிய விளக்கெண்ணெயில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து கால் ஒடியும். ரெண்டு ஈக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

"அடைப்பான்தான் டாக்டரய்யா, மாட்டுக்கு மாடு தொத்துற சீக்கு. எல்லாம் இசக்கித்தாய் மாடு கொண்டாந்தது. கொழும்புத் தோணியில ஏத்தாம சீக்குன்னு கழிச்ச மாட்டை வாங்கியாந்து கட்டியிருக்கா" என்றார் தாணுலிங்கம்.

இசக்கித்தாய் பால் விற்றுப் பிழைக்கும் விதவை. அவள் மாடு ஊர்த் தண்ணீர்த்தொட்டிக்குப் போகும் பாதையில் இவர் உடைமுள் வெட்டிப் போட்டிருந்தார். அவளிடம் பால் வாங்குகிறவனுக்குத் தன் கடையில் உப்புகூடக் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். கறந்த பாலை அவள் மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் காய்ச்சல் பார்த்தார். இல்லை. தாடைக்குக் கீழே இருபுறமும் கட்டி. தோள்பட்டைக்கு முன்னாலும், பின்தொடை மடிப்பிலும் அதேபோல் ஜோடி ஜோடியாக. அழுத்தினால் கிடேரி சிணுங்கவே இல்லை.

"எப்ப இருந்து வீக்கம்?"

"பொங்கலுக்கு முன்னயே லேசா இருந்துச்சு."

"அந்த மாடு எப்ப வந்துச்சு?"

கதவுக்குப் பின்னாலிருந்து தாணுலிங்கத்தின் மனைவி ஜெயபாய் சொன்னாள்: "மாசியில கோயில் கொடைக்குப் பொறவு. நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தான."

"அடைப்பான்னா ரெண்டு நாள்ல ஆளை முடிச்சிருக்கும் அண்ணாச்சி. இது புத்துநோய். எந்த மாடும் கொண்டாரல. எங்கிட்ட மருந்தும் இல்ல" என்றார் டாக்டர்.

தாணுலிங்கம் கிடேரியின் நெற்றியைத் தடவினார். பிறகு அரிவாளைக்கூட எடுக்காமல் போய், உடைமுள்ளை வெறுங்கையால் இழுத்துப் போட்டார். எங்களுக்கும் திரும்பிப் போக அதுதான் வழி. அவர் பின்னாலேயே நடந்தோம்.

இசக்கித்தாய் தன் மாட்டுக்கு அகத்திக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"இசக்கி..." என்றார்.

அவள் அவர் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள்.

"கிடேரி ஏதும் திங்குதா அண்ணாச்சி?"

அவர் தலையை ஆட்டினார், இல்லையென்று.

"இது எளசு. போட்டுப் பாருங்க" என்று ஒரு கீரைக்கட்டை நீட்டினாள். அவர் கை நீளவில்லை. அவளே அவர் தோளில் வைத்தாள்.

சின்னக் குழந்தை தூக்குகிற கட்டு. மனுஷர் துறைமுகத்து உப்பு மூட்டை அத்தனையும் தன் முதுகில் ஏறியதுபோலக் குனிந்து, தெருவழி போகாமல், பனங்காட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.