காகிதத்தில் பத்து நிமிடம்

அந்தத் தொழிற்சாலையில் காற்று சதுர அடி நாற்பது ரூபாய்.

முதலாளி அதை மறைப்பதே இல்லை. வாங்க வருகிறவர்கள் முன்னால் சீலிங் பலகையை விரல்கணுவால் தட்டிக் காட்டுவார். இதில் பாதிக்குமேல் காற்றுதான், நான் விற்பது காற்று, பலகை சும்மா அதைக் கட்டிக் கொடுக்கிற பை, அந்தக் காற்றைத் தாண்டி வெயில் கீழே இறங்காது என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவன் பேரம் பேச மறந்துவிடுவான் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் காற்றைப் பலகைக்குள் பிடித்து வைத்தவள் கலவைத் தொட்டிக்காரி.

கிழக்கு வெளுக்கும்போதே அவள் தொட்டிமேல் ஏறிவிடுவாள். கல்லை உருக்கி இழையாக்கிய கல்பஞ்சு மூட்டையைப் பிரித்தால் முதலில் முழங்கை அரிக்கும், பிறகு கழுத்து, பிறகு கண்ணிமை. கல்பஞ்சோடு காகிதக் கூழ், களிமண், கஞ்சிமாவு எல்லாம் தண்ணீரில் விழுந்து சுழலும். கூடவே பொரிகல்லும் உண்டு. சூட்டில் பொரித்தெடுத்த வெள்ளைக் கல், ஊதினால் பறக்கும், ஒவ்வொரு பொரிக்குள்ளும் வெறும் ஓட்டைதான். கலந்த கூழ் கம்பிவலைமேல் பரவி, தண்ணீர் வடிந்து, ஈரப்பலகையாகச் சூளைக்குள் போகும். காய்ந்து மறுபக்கம் வரும்போது அதை வாங்கி அடுக்க அவளுடைய தங்கை நிற்பாள்.

முன்பெல்லாம் பலகை கனமாக வந்தது. சூடு தங்கு தடையில்லாமல் கீழே இறங்குகிறது என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி ஒரு நிபுணரை வரவழைத்தார். அவர் நான்கு நாள் சாப்பிட்டு, நான்கு நாள் அளந்து, புது இயந்திரம் வாங்கச் சொல்லிவிட்டுப் போனார். தொட்டிக்காரிதான் வழி சொன்னாள். தொட்டிக்குள் கலக்குகிற கத்தி அதிகம் சுற்றினால் கல்பஞ்சு இழை நொறுங்கிப் பொடியாகிறது, பொரிகல்லும் உடைந்து மாவாகிறது, அப்புறம் காற்று எங்கே தங்கும் என்று கேட்டாள். மூன்று தடவை கத்தியை நிறுத்தி, கூழை உள்ளங்கையில் அள்ளிப் பார்ப்பாள். இழை விரலிடுக்கில் தொங்கினால் சரி. கத்தி அடங்குகிற நேரம் பார்த்துக் கடைசியில்தான் பொரிகல்லைத் தூவுவாள். பலகை எடை குறைந்தது. சோதனைப் பெட்டியில் மேலே விளக்கை எரியவிட்டுக் கீழே சூடு அளந்தால், அரைமணி நேரத்தில் நாற்பத்தாறு டிகிரி ஏறிய இடத்தில் இப்போது முப்பத்தொன்பதுதான்.

சான்றிதழ் வந்தது. முதலாளி பெயரில் வந்தது. சட்டம் போட்டு மாட்டினார். விலை ஏறியது. அதே மாதம் கூலி இறங்கியது.

“பலகை எடை குறைஞ்சிருக்குல்ல? தூக்கற வேலையும் குறைஞ்சிருக்கு. குறைஞ்ச வேலைக்குக் குறைஞ்ச கூலி. இதுல என்னம்மா அநியாயம்?” என்றார். அவர் முகத்தில் அப்போது நிஜமாகவே ஒரு நியாயவானின் களை இருந்தது.

லேசான பலகை சீக்கிரம் காய்கிறது என்று சூளையின் ஓட்டத்தையும் கூட்டினார். ஊரார் வீட்டுக்கெல்லாம் வெயிலைத் தடுத்துக் கொடுத்த அந்தத் தொழிற்சாலைக்கு மேலே வெறும் தகரம். கழித்துப்போட்ட பலகைகள் மூலையில் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. அவற்றை எடுத்துத் தகரத்தின் அடியில் கட்டினால் ஆகாதா என்று கேட்டதற்கு, அரைத்து மறுபடி தொட்டியில் போட்டால் காசு என்று பதில் வந்தது.

ஒரு நடுப்பகலில் தங்கைக்குக் கண் இருட்டியது. சூளை வாயில் சரிந்தாள். வலது கை பலகையை நகர்த்துகிற பெல்ட்டின் உருளைக்குள் போனது. சூளைக்காரர் ஓடிவந்து ஓட்டத்தை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை மட்டும் மிச்சம் வைத்தார்கள்.

விபத்துப் பதிவேட்டில் முதலாளி தன் கையால் எழுதினார்: ‘வேலை நேரத்தில் தூங்கி விழுந்தார்.’ அந்த ஒரு வரியால் சிகிச்சைச் செலவும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை, வேலையும் இல்லை.

தங்கை அழவில்லை. இடது கையால் தலை வாரப் பழகினாள். பின்னல் கோணலாக வர, “அக்கா, ஒரு கையால பின்ன முடியாதுக்கா, மொட்டை போட்டுக்கலாமா?” என்று சிரித்தாள். தொட்டிக்காரியால் சிரிக்க முடியவில்லை. அந்த மனிதன் கையாலேயே அந்த வரியை அழிக்க வைக்கவேண்டும். கெஞ்சி அல்ல. அவன் நாக்கு வறண்டு, தொண்டை அடைத்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

முதலில் முறைப்படி கேட்டுப் பார்த்தாள். முதலாளியின் அறை குளுகுளுவென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். அவள் கலந்த பலகைதான்.

“தூங்கினாள்னு எழுதினதை அடிச்சிடுங்க முதலாளி. மயக்கம்னு எழுதுங்க. கழிச்ச பலகையை எங்க தலைக்கு மேல கட்டுங்க. பழைய கூலியைக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“ஏம்மா, நீ இல்லேன்னா தொட்டி ஓடாதுன்னு நினைப்பா?” இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “மேனேஜர் பக்கத்துல நின்னு கடிகாரம் பார்த்து எழுதினது. எல்லாத்தையும் கொட்டு, பத்து நிமிஷம் ஓட்டு, அவ்வளவுதான் உன் வித்தை. இனிமே இதுப்படிதான் நடக்கணும். உன் மூளையை வீட்டுல வச்சிட்டு வா.”

அவள் தாளை வாங்கிப் படித்தாள். மேனேஜர் சுவிட்சைப் போட்டதையும் அணைத்ததையும் எழுதியிருந்தார். நடுவே அவள் மூன்று தடவை நிறுத்தியது, உள்ளங்கை, விரலிடுக்கு, கடைசியில் தூவிய பொரிகல், எதுவும் இல்லை. அவருடைய கண் முழுக்கக் கடிகாரத்தில் இருந்திருக்கிறது.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க முதலாளி,” என்றாள். “நாளைக்கு யாரும் மாத்திப் பேசக்கூடாது பாருங்க.”

அவர் சந்தோஷமாகப் போட்டார்.

சாப்பாட்டு வேளையில் மூட்டைக் கொட்டகையில் கூடினார்கள். சூளைக்காரர் இரும்புத் தடியோடு வந்தார். சூளைப் பெல்ட்டை உடைத்தெறிந்தால்தான் தன் நெஞ்சு ஆறும் என்றார். தொட்டிக்காரி தடியை வாங்கிச் சுவரோரம் சாய்த்தாள்.

“பெல்ட்டை உடைச்சா போலீஸு நம்மகிட்ட வரும்ணே. இது அவர் கையெழுத்து. இதுப்படி நடந்தா யாரு வருவா?”

விஷயம் புரிந்ததும் கொட்டகையில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. வீட்டுக் கடன் கட்டுகிற வண்டிக்காரர் மட்டும், வேலை போய்விட்டால் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து என்ன சொல்வது என்று கேட்டார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. கம்பிவலையில் கூழ் பரப்புகிற வலைக்காரி தன் வீட்டில் சமைப்பதில் அவர் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்றாள். அவளுடைய வீட்டிலும் ஏழு வாய். வண்டிக்காரர் தாளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

மறுநாள் விடியலில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினாள். பத்து நிமிடம். ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே பொரிகல் நொறுங்குகிற சத்தம் அவளுக்குத் தேனாக இருந்தது. ஈரம் குடித்துக் கனத்த பலகைகள் சூளையிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. மூன்று நாள் அப்படியே ஓடியது.

நான்காம் நாள் காலையில் பெரிய கொள்முதல்காரர் வந்தார். இருபதாயிரம் பலகை. பணம் எண்ணுமுன் அடுக்கிலிருந்து தானே ஒன்றை உருவிச் சோதனைப் பெட்டியில் வைத்தார். விளக்கு எரிந்தது. முதலாளி காற்றைப் பற்றிய தன் பேச்சை எடுத்துவிட்டார். முள் முப்பத்தொன்பதைத் தாண்டியது. பேச்சு குறைந்தது. நாற்பத்தேழில் முள் நின்றபோது பேச்சே இல்லை. இப்போது சிரித்தவர் கொள்முதல்காரர். நான்கு நாள் தவணை கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

முதலாளி தொட்டிக்கு ஓடிவந்தார். தகரத்தின் கீழே அவர் சட்டை முதுகோடு ஒட்டியது. தொட்டிக்காரி அந்த வியர்வையை ஆற அமரப் பார்த்தாள்.

“என்னடி பண்ணித் தொலைச்சீங்க?”

“நீங்க எழுதினதைத்தான்.”

“முன்ன மாதிரி கலக்கு. கையால பார்த்துக் கலக்கு.”

“இங்க கையை வச்சா தூங்கினோம்னு எழுதிடறீங்க முதலாளி. அந்தப் பதிவேட்டை முதல்ல இங்க கொண்டாங்க. எல்லாரும் பார்க்க அடிங்க. அப்புறம் கூரை, அப்புறம் கூலி. அப்புறம் என் கை.”

ஒரு கணம் அவர் தொண்டை ஏறி இறங்கியது. நாக்கு உதட்டைத் தேடியது. அதுவே அவளுக்கு ஒரு வாய்ச் சோறு மாதிரி இருந்தது. ஆனால் அவர் பணியவில்லை. எல்லோரும் வெளியே போங்கள், ஒவ்வொருத்தராக வந்து மன்னிப்பு எழுதிக் கொடுப்பவருக்குத்தான் வேலை என்று கத்தினார்.

வெளியே போனார்கள். சூளைக்காரர் சூளையை அணைத்துவிட்டுக் கடைசியாக வந்தார். கதவு சாத்தப்பட்டது. செய்தி கேட்டுத் தங்கையும் வந்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் நின்றாள். வெயில் ஏறியது. ஒருவரும் கதவுப் பக்கம் போகவில்லை. வண்டிக்காரர் தன் துண்டை விரித்துத் தங்கைக்கு நிழல் பிடித்தார்.

நெடுநேரம் கழித்து வாட்ச்மேன் ஒரு நோட்டோடு வந்தார். உள்ளே வரச் சம்மதிப்பவர்கள் பெயரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தை இரண்டு தடவை சுற்றிவந்தார். பேனா மூடியே கழலவில்லை.

“எதையாச்சும் எழுதிட்டுப் போகணும்மா. வெறும் தாளோட போனா என்னைக் கடிச்சித் துப்பிடுவாரு.”

“எழுதிக்கங்கண்ணே,” என்றாள் தொட்டிக்காரி. “உள்ளே வர்றவங்க, யாருமில்ல. வெளியே நிக்கறவங்க, நாற்பத்தொண்ணு. வேலை செய்யற கை, எண்பத்தொண்ணு.”

வாட்ச்மேன் எழுதிவிட்டு மனக்கணக்குப் போட்டார். “எண்பத்திரெண்டுல்ல வரணும்?”

“வரணும். ஒண்ணு உங்க முதலாளிகிட்ட நிக்குது.”

அவர் தங்கையைப் பார்த்தார். பிறகு நோட்டைக் கதவில் சாய்த்து, அடியில் ஒரு கோடு இழுத்து, நிதானமாக எழுதினார்:

பாக்கி, ஒரு கை.