தோற்ற கட்சியின் படகுகள்

பிரேசிலின் பாரா மாநில ஆளுநர் தேர்தலில் நாசரே தோற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெலேம் நகரிலிருந்த கட்சி அலுவலகச் சுவரில் அவளுடைய சுவரொட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள் டல்வா. நாசரேயின் வாக்குறுதிகளை எல்லாம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

கைபேசி அடித்தது.

"டல்வா அம்மாவா? ஹெலியோ பேசறேன்."

"எந்த ஹெலியோ?"

"ஜெயிச்ச ஹெலியோ."

"யாருய்யா அது? விளையாட இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுதா?"

மறுமுனையில் ஒரு கரகரத்த சிரிப்பு கேட்டது. விவாத மேடைகளில் கேட்டுக் கேட்டு அவள் எரிச்சல்பட்ட அதே சிரிப்பு.

"தீவுப் பிள்ளைங்களுக்கான உங்க பள்ளிப் படகுத் திட்டம் என்கிட்ட இல்லாமப் போச்சே அம்மா. உடனே வர முடியுமா?"

அவள் போனபோது அறை முழுக்க நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்கள். ஆளுக்கொரு கிண்ணம் அசாயீ பழக்கூழ். நடுவில் மரவள்ளி மாவு. புதிய அரசு எந்த வேலையை முதலில் எடுப்பது என்று காலையிலிருந்தே சண்டையாம். ஹெலியோவின் தேர்தல் வேலைகளை நடத்திய ஒஸ்மார் அவளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினான்.

"வாங்க வாங்க! தோத்தவங்களுக்கும் இங்க நாற்காலி உண்டு."

"உண்டுன்னா தள்ளி உட்காருப்பா," என்று உட்கார்ந்தாள் டல்வா.

ஒஸ்மாருக்குப் பாலம்தான் முதலில் வேண்டும். "பாலம் கட்டினா ஊரே பார்க்கும். படகை யார் பார்ப்பா?"

"அம்மாக்காரி பார்ப்பா," என்றாள் டல்வா. "தீவுல தினமும் விடியக்காலையில பிள்ளையோட துறையில நிக்கிறாளே, அவ பார்ப்பா. இன்ஜின் பழுதுன்னு படகு வராது. பிள்ளை வீட்டுக்குத் திரும்பிடும். நாலு தடவை திரும்பினா அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாது. ஜனவரியில நீங்க பதவி ஏத்துக்கறீங்க. பிப்ரவரியில பள்ளிக்கூடம் திறக்குது. அதுக்குள்ள உன் பாலத்துக்கு ஒரு தூணாவது நிக்குமா? ஆனா படகு ஓடும்!"

தன் குரல் உயர்ந்துவிட்டதை அவளே அப்போதுதான் உணர்ந்தாள். ஹெலியோ கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"முதல் வேலை படகு. பாலம் அப்புறம். இதை நடத்தப்போற கல்வி அமைச்சர் நீங்கதான் அம்மா."

டல்வா சட்டென்று எழுந்தாள். "ஒரே ஒரு போன் பண்ணிட்டு வர்றேன்" என்று வராந்தாவுக்கு ஓடினாள். நாசரேயிடம் எப்படிச் சொல்வது? ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"துரோகின்னு திட்டுக்கா. ஏதாவது பேசு."

"அடி பைத்தியமே, நான் அழுதுட்டிருக்கேன்டி!" என்றாள் நாசரே. "ஊர் ஊராத் தொண்டை கிழியக் கத்தினது எதுக்கு? நாற்காலிக்கா? சரி, அதுக்கும்தான். ஆனா படகு ஓடட்டும்டி! போ, ஒத்துக்கோ. ஒரு படகு நின்னாலும் நம்ம கட்சி ஆளுங்களை விட்டுச் சட்டசபையில உன்னைக் கிழிச்சுத் தொங்கவிடுவேன், ஞாபகம் வச்சுக்கோ."

"வச்சுக்கறேன்க்கா!"

சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது, படகுகளை அபயேதேத்துபாவில் கட்டுவதா, வேறு ஊரிலா என்று அதற்குள் அடுத்த சண்டை தொடங்கியிருந்தது. அதிகச் சத்தம் போட்டது ஒஸ்மார்தான்.

"அங்க படகு கட்டறவன் என் மச்சான், எனக்குத் தெரியாதா?"

"மச்சான்னா முதல்ல அவனுக்கு வேலை இல்லைன்னுட்டுப் பேசு!" என்று டல்வாவும் சண்டைக்குள் குதித்தாள்.