வெட்டிய வாக்கியம்

ரோண்டா சுவரிலிருந்த ஒலிப்பதிவுப் பொத்தானை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"கையை எடுங்க, ரோண்டா. பத்து நிமிஷத்துல ஸ்கூல் பஸ் வந்துரும்," என்றாள் ஜூடித். அருங்காட்சியகமாகிவிட்ட ஆல்டிங்டன் பண்ணை வீட்டுக்கு அவள்தான் நிர்வாகி.

"காலைல போன் பண்ணேன்ல? எங்கம்மா போயிட்டாங்கன்னு சொன்னேன்ல? அடக்கம் பண்ற வரைக்குமாவது இதை நிறுத்தி வைங்க."

"உங்க வருத்தம் புரியுது. ஆனா கமிட்டி முடிவு பண்ணணும். அடுத்த மாசம்தான் கூட்டம்."

அடுத்த மாதமாம்! ஆல்டிங்டன் கிழவர் செத்தபோது வீட்டையே மூன்று நாள் பூட்டி, கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கியவர்கள் இவர்கள்தான். அவர் பாட்டன் ஆஸ்திரேலியாவின் இந்த டார்லிங் ஆற்றங்கரையில் ஆடு மேய்க்க வளைத்துப்போட்ட நிலம் யாருடையது என்று இங்கே எந்தப் பலகையிலும் இல்லை. அம்மாவை எட்டு வயதில் இந்த அடுப்படியில் வேலை செய்யப் பிடித்து வந்தார்கள். ரோண்டாவின் பழங்குடிச் சனத்தில் செத்தவர் பெயரைச் சொல்வதில்லை, குரலைக் கேட்பதில்லை. கேட்டால் போகிற உயிர் போகாமல் நின்றுவிடும். இங்கே பொத்தானைத் தொட்டவர்களுக்கெல்லாம் அம்மா தன் பெயரைச் சொல்லிப் பேசுவாள். எஜமானியம்மாவின் ரொட்டி, பூப்போட்ட தட்டுகள், கடைசியில் "எங்களுக்கும் நல்லா சாப்பாடு போட்டாங்க" என்று ஒரு சிரிப்பு. அதோடு நின்றுவிடும்.

அந்தக் குரலைப் பதிவு செய்த அன்று ரோண்டா பக்கத்தில்தான் இருந்தாள். அம்மா அங்கே நிறுத்தவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களுக்கு ஒரு வாக்கியத்தை வெட்ட எவ்வளவு நேரமாகும்?

பிள்ளைகள் திமுதிமுவென்று நுழைந்தார்கள். ஒரு சிறுமி நேரே வந்தாள்.

"ஆன்ட்டி, நான் அமுக்கணும். இதுல யாரு பேசுவாங்க?"

"எங்கம்மா. இன்னிக்குக் காலைல செத்துட்டாங்க. அதனால நான் பேசுறேன்."

"ரோண்டா, வேணாம்," என்றாள் ஜூடித், பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டே.

"எஜமானியம்மா எங்களுக்கும் நல்லா சாப்பாடு போட்டாங்க." அம்மா சிரித்த இடத்தில் ரோண்டா சிரிக்கவில்லை. "நாய்க்குப் போட்டது போக மிச்சம் இருந்தா."

சிறுமி ஜூடித்தைத் திரும்பிப் பார்த்தாள். "நெஜமாவா, மிஸ்?"

ஜூடித் குனிந்து சுவரோரம் இருந்த வயரைப் பிடுங்கினாள். கமிட்டி கூடவில்லை. பொத்தானைச் சுற்றியிருந்த சிவப்பு வெளிச்சம் அணைந்தது.

ரோண்டா கையை எடுக்கவில்லை. பொத்தான் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.