கயிற்றின் கடைசி ஆள்

“மூச்சை உள்ள இழுத்துப் பிடி” என்றாள் அம்மா. மகள் இழுத்துப் பிடித்தாள். டேப் இடுப்பைச் சுற்றி வந்தது. அம்மா அளவைச் சொல்லவில்லை, “ம்ச்” என்று மட்டும் சொன்னாள். தெருவில் பாதிப் பேருடைய அளவு தையல்காரியான அவளுக்கு மனப்பாடம். எப்பேர்ப்பட்ட உடம்பு வந்து நின்றாலும் முகம் சுளிக்க மாட்டாள். தான் பெற்றவளுக்கு அளவெடுக்கும்போது மட்டும் அந்த ‘ம்ச்’ எங்கிருந்துதான் வருமோ, வந்துவிடும். பிறகு மிஷினில் உட்கார்ந்துகொண்டு, “கொஞ்சம் நகரு, வெளிச்சத்த மறைக்கிற” என்றாள்.

நகரு. பிறந்ததிலிருந்து அந்தப் பெண் அதிகம் கேட்ட வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். பஸ்ஸில் நகரு, வகுப்பில் பின்னால் இருப்பவருக்குப் போர்டு தெரியவில்லை நகரு, போட்டோ எடுக்கும்போது ஓரமாக நகரு. தெருப் பையன்கள் ‘பீரோ’ என்று பெயர் வைத்தார்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வைக்கிற பெயரா அது? ஆனால் கட்டையில் போகிறவர்கள் வைத்த பெயர் பசை போல ஒட்டிக்கொண்டது. அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

“இந்தச் சனிக்கிழமையோட சரி” என்றாள் அம்மா, ஊசியில் நூலைக் கோத்தபடி. “கயிறு இழுக்குற போட்டிக்கு டீஷர்ட் தைக்கிறேன்னு ஒத்துக்கிட்டேன், தைச்சுக் குடுத்துடறேன். அதுக்கப்புறம் கிளப்பு கிளப்புன்னு நீ அந்தப் பக்கம் போகக் கூடாது. கயிறு இழுத்து இழுத்து தோள் இன்னும் அகலமாயிட்டே போகுது. நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

அங்க மட்டும்தாம்மா என்னை யாரும் நகரச் சொல்றதில்ல. பீரோவுக்கு இதைச் சொல்லத் தெரியாமலில்லை. ஆனாலும் “சரிம்மா” என்றாள்.

கிளப் என்றால் பெரிதாக எதுவுமில்லை. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹால், ஒரு கேரம் போர்டு, கால் ஆடாமலிருக்கப் பழைய பாட்டுப் புத்தகங்களை முட்டுக் கொடுத்த ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, தரையெல்லாம் கிரேயான் கிறுக்கும் வாண்டுகள். சனிக்கிழமை சாயங்காலம் எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம் என்று சர்ச் கதவைத் திறந்து விட்டிருந்தது. நடத்துகிறவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், பிள்ளைகளுக்கு டிரைவர் அக்கா. முதல் நாள் பீரோ சுவரோடு சுவராக, முடிந்த மட்டும் சின்னதாக உட்கார்ந்திருந்தாள். டிரைவர் அக்கா அவளை எழுப்பி நிறுத்தி, இரண்டு தோளிலும் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். ஸ்ட்ரெச்சர் தள்ளித் தள்ளி உரமேறிய கை. பீரோ அசையவில்லை.

“அடி ஆத்தி! நகர மாட்டேங்குறாளே!” என்று கத்தினாள் அக்கா, புதையல் கிடைத்தவள் மாதிரி. “உன்ன இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தாங்க? இந்தா, கயித்தோட கடைசி இனிமே உன்னுது.”

‘நகர’ என்ற அந்த வார்த்தையை ஒருத்தர் சந்தோஷமாகச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டாள். கயிற்றைத் தோளின் மேலே விட்டு, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்தாள். முன்னால் இருக்கிறவர்கள் வழுக்கலாம், விழலாம். கடைசி ஆள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆகா, இப்படியும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை.

பயிற்சியில் ஒரு கூத்து நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க ஒரு சத்தம் வேண்டும். கிளப்பின் விசிலை ஒரு வாண்டு தொலைத்துவிட்டது. அதே நேரத்தில் பக்கத்து அறையில் பாஸ்டர் ஐயாவின் ஜெபக் கூட்டம். அவர் ஜெபம் ஆரம்பித்தால் லேசில் முடிக்கிற ஆளில்லை. வரிக்கு வரி பெண்கள் எல்லோரும் சேர்ந்து “ஆமென்” சொல்வது ஜன்னல் வழியாக, பிள்ளைகள் பயிற்சி செய்யும் முற்றத்துக்கு வரும். “இதவிட நல்ல விசில் எங்க கெடைக்கும்?” என்றாள் டிரைவர் அக்கா. உள்ளே ஆமென், வெளியே ஒரு இழு. அந்த முக்கலையும் முனகலையும் கேட்ட ஜெபக்காரப் பெண்கள், “பிள்ளைங்களுக்கு என்ன ஒரு பக்தி!” என்று உருகிப் போனார்கள்.

போட்டி நாள். மூன்று சுற்று கொண்ட இறுதி ஆட்டத்தில் எதிரே பெரிய சர்ச்சின் அணி. ஒரே மாதிரி ஷூ, ஒரே மாதிரி முடிவெட்டு, கைகளெல்லாம் கரளை கரளையாக. பீரோ வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் கண்ணை ஓட்டினாள். அம்மா வந்திருந்தாள். தையல் பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டாயத்துக்கு வந்தவள் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு அணியும் கயிற்றைப் பிடித்து நின்றதும், பாஸ்டர் ஐயாவைச் சின்னதாக ஒரு ஜெபம் செய்யச் சொன்னார்கள். ஐயாவும் அதிசயமாகச் சின்னதாகவே முடித்தார்.

“ஆமென்” என்றார்.

அவ்வளவுதான். கண்ணை மூடி நின்ற எதிரணி மொத்தமும் குப்புற விழுந்தது. நம் பிள்ளைகள் இழுத்த இழுப்பு அப்படி. நடுவர் ஓடி வந்தார். “விசிலே அடிக்கல, அதுக்குள்ள என்ன இழுப்பு? தப்பாட்டம்! முதல் சுற்று அவங்களுக்கு!” டிரைவர் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அது பீரோவுக்குச் சுருக்கென்று தைத்தது.

இரண்டாவது சுற்றில் விசில் அடித்தது. பழக்கமில்லாத சத்தம், பிள்ளைகள் ஒரு கணம் விழித்தார்கள். அதற்குள் கயிறு எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தது. தன்னால் வந்த வினை என்று பாஸ்டர் ஐயாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கோட்டோரம் ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கினார். “ஆண்டவரே, பலம் தாரும்!” ஜெபக்காரப் பெண்களுக்குப் பழக்க தோஷம். “ஆமென்!” கயிறு ஒரு சாண் இந்தப் பக்கம் வந்தது. “பொறுமை தாரும்!” “ஆமென்!” இன்னொரு சாண். “எதிரணிக்கும் நல்ல சுகம் தாரும்!” “ஆமென்!” கோட்டைத் தாண்டி வந்தே விட்டது. எதிரணிப் பயிற்சியாளர் குதித்தார். நடுவர் காதைச் சொறிந்துகொண்டு, “ஜெபம் பண்ணக் கூடாதுன்னு சட்டத்துல இல்லியே சார்” என்றார்.

மூன்றாவது சுற்று. பாஸ்டர் ஐயா வாயைத் திறந்தார், இருமல் வந்தது. மறுபடி திறந்தார், காற்றுத்தான் வந்தது. இத்தனை வருஷ ஜெபத்தில் கட்டாத தொண்டை அன்றைக்கா கட்ட வேண்டும்! ஆமென் இல்லை. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள், கயிறு நழுவியது. முன்னால் இருந்த பையன் விழுந்து எழுந்தான். பீரோவின் குதிகால் மண்ணைக் கீறிக்கொண்டே போனது. தோளைப் பின்னால் தள்ளிச் சாய்ந்தாள். படபடவென்று ஒரு சத்தம். டீஷர்ட்டின் தோள் தையல் கழுத்துவரை பிரிந்துவிட்டது.

உடம்பெல்லாம் கூசியது. ஒரு கையை எடுத்து மறைத்துக்கொள் என்றது மனசு. அம்மாவின் அந்த ‘ம்ச்’ கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவிலும் கேட்கப் போகிறது என்று காத்திருந்தாள். கேட்டது வேறு.

“கிழிஞ்சா கிழியட்டும்டி!” அம்மா எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். தையல் பை கீழே விழுந்து நூல்கண்டுகள் உருண்டு ஓடின. “நான் தைச்சுக்கறேன்! நீ கைய எடுக்காத!”

பீரோ கையை எடுக்கவில்லை. குதிகாலை ஊன்றினாள். கயிறு நின்றது. பிறகு, வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட முணுமுணுக்கிற அந்தப் பெண், அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். “ஆமென்!” முன்னால் இருந்த முதுகுகள் எல்லாம் ஒன்றாகப் பின்னால் சாய்ந்தன. “ஆமென்!” நடுவில் கட்டிய சிவப்புத் துணி திரும்பி வந்தது. “ஆமென்!” இப்போது மைதானமே சேர்ந்து கத்தியது. எதிரணி வரிசை ஒவ்வொருவராக உடைந்து, சிவப்புத் துணி கோட்டைத் தாண்டி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, புழுதி கிளம்பி, டிரைவர் அக்கா ஓரமாக நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸுக்கு ஓடிச் சைரனை அலறவிட்டு... ஜெயித்துவிட்டார்கள்! “பீரோ! பீரோ!” என்று தெருப் பையன்களே தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தப் பெயர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

கோப்பையை அவள் கையில்தான் கொடுத்தார்கள். அம்மா ஊசியும் நூலுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, பின்னால் நின்று கிழிந்த தோளைப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தாள். “அடுத்த வாரம் கிளப்புக்கு இதையே போட்டுட்டுப் போ. ரெட்டைத் தையல் போட்டுத் தரேன். நீ எப்படி இழுத்தாலும் பிரியாது” என்றாள்.

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிப் பார்த்து இறக்கினார். “நடுவுல நிக்கிற பாப்பா, கொஞ்சம் நகரும்மா. பின்னாடி இருக்கறவங்க தெரியல.”

பீரோவின் கால் பழக்கத்தில் ஓரமாகப் போகப் பார்த்தது. அம்மா பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே தோளை அழுத்திப் பிடித்தாள்.

“அவ நகர மாட்டா. நீங்க பின்னால போய் எடுங்க.”

போட்டோக்காரர் பின்னால் போனார். இன்னும் கொஞ்சம் போனார். வேலி முதுகில் இடித்ததும் நின்று கேமராவைத் தூக்கினார். நடுவில் பீரோ கோப்பையோடு நேராக நின்றாள். அவள் தோளுக்கு மேலே, நூல் பிடித்த ஒரு கை மட்டும் உயர்ந்து நின்றது.