கனத்துப்போன ஸ்டீயரிங்

வண்டியை வாங்க ஐந்து மணிக்கு ஆள் வருகிறார். மணி இரண்டு. மருமகளோ வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துப் படுத்திருந்தாள். முன்சக்கரங்கள் தரையில் படாதபடி ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகள் கொடுத்திருந்தாள். மாமனாரான பேக்கரிக்காரர் முக்காலியில் உட்கார்ந்து, உதவி செய்வதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா இந்தப் பாடு? விக்கப்போற வண்டிதானே?"

"ஒழுகற வண்டியை ஒருத்தர் தலையில கட்டறதா மாமா? நாளைக்கு அவர் முகத்துல முழிக்க வேண்டாமா?"

பேக்கரிக்காரர் ஸ்பேனர்களை அளவு பார்த்து அடுக்கத் தொடங்கினார். ஏன் விற்கிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. வீட்டில் சொன்னது, "நடந்தா உடம்புக்கு நல்லது." உண்மை அதுவல்ல. நாற்பது வருடம் மாவு பிசைந்த கை அவருடையது. கடையை மகனிடம் விட்டு ஒரு வருடம் சும்மா இருந்ததில் அந்தக் கை செத்துவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார். ஸ்டீயரிங் நாளுக்கு நாள் கனத்தது. வண்டி முனகியபோது ரேடியோவைக் கூட்டி வைத்தார், மகா புத்திசாலி! கடைசியில் நூலக வாசலில் வண்டியைத் திருப்ப முடியாமல் சட்டை நனைந்து தவித்தபோது, பின்னால் வந்த பால் வண்டிக்காரன் இறங்கி வந்து, "பெரியவரே, நான் திருப்பித் தரட்டா?" என்றான். அன்றைக்குச் சாவியை ஆணியில் மாட்டியவர்தான். தினமும் காலையில் மருமகளை அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் விட்டுவந்த வழக்கமும் அதோடு நின்றது. ஏன் என்று அவள் கேட்கவில்லை, முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் போனாள்.

நேற்று அவள் ஷெட்டைப் பெருக்கும்போது தரையில் எண்ணெய்க் கறை தெரிந்தது. உடனே பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, ஸ்டீயரிங் பம்பிலிருந்து போகும் ரப்பர்க் குழாய் வெடித்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். சாயங்காலமே புதுக் குழாய் வாங்கியாயிற்று.

அவள் டயாலிசிஸ் பிரிவில், நோயாளிகளின் ரத்தத்தைக் குழாய் வழியே எடுத்துச் சுத்தப்படுத்தும் இடத்தில் வேலை செய்கிறவள். குழாயும் கிளிப்பும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தில் இருந்தது என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டி, ஒரு தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தாள்.

"அடியம்மா, அது பன் சுடற தட்டு!"

"கழுவித் தந்துடறேன் மாமா. இதைவிடத் தோதான தட்டு உலகத்துலயே கிடையாது."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. இவ்வளவு ஒழுங்காகத் தன் கடையில் ஒரு பயல்கூட வேலை செய்ததில்லை என்றுதான் தோன்றியது.

பம்பில் இருந்த முனை கழன்றது. அடுத்த முனையின் நட்டு அசைந்து கொடுக்கவில்லை.

"மாமா, ஒரு இழுப்பு இழுங்களேன். உங்க கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?"

பேக்கரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "இரும்மா, தண்ணி கொண்டாரேன்" என்று சமையலறைக்குள் போனவர், ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அவள் நட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள்.

"ஆமா, ஸ்டீயரிங் எண்ணெய்த் தொட்டியில ஒரு சொட்டு எண்ணெய் இல்லையே. ஸ்டீயரிங் கல்லாட்டம் இருந்திருக்குமே! எப்படி மாமா ஓட்டினீங்க? எங்க ஆம்புலன்ஸ் டிரைவரே கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்."

டம்ளர் பாதி வழியில் நின்றது. "எண்ணெய் போனா ஸ்டீயரிங் கனக்குமா?"

"பின்னே? சக்கரத்தைத் திருப்பறது எண்ணெயோட அழுத்தம். நம்ம கை வழி காட்டறதோட சரி. எல்லாத்தையும் நீங்க வெறும் கையால திருப்பியிருக்கீங்க!"

அவளுக்குக் கொண்டுவந்த தண்ணீரை அவரே மடமடவென்று குடித்தார். "அந்த ஸ்பேனரை இப்படிக் கொடு."

குனிந்து, தோளைக் கொடுத்து இழுத்தார். டக்கென்று நட்டு இளகியது. ஆனாலும் மனம் அடங்கவில்லை. எண்ணெய் ஊறி இளகியிருக்கலாமே? ஸ்டீயரிங் வாயால் கேட்டால்தான் நம்புவேன் என்றது.

அவள் புதுக் குழாயை வைத்து, கசியாமலிருக்கப் புது வளையங்கள் போட்டு, நட்டுகளை முதலில் விரலாலேயே சுற்றி, மரை சரியாக ஏறிய பிறகே ஸ்பேனரைத் தொட்டாள். சூடாகும் சைலன்சர் பைப்பில் குழாய் உரசுகிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். எண்ணெய் ஊற்றி, அவரை உள்ளே உட்கார வைத்தாள்.

"இன்ஜின் போடாதீங்க. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவா திருப்புங்க. காத்து வெளியே வரணும்."

அவர் திருப்பினார். அவள் தொட்டியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து நின்றாள். இருபது தடவை ஆயிற்று.

"போதுமேம்மா?"

"இன்னும் ஒரு குமிழி வருது. எங்க வார்டுல ஒரு குமிழியைக்கூட விட மாட்டோம்."

அந்தக் கண்ணை நம்பித்தான் தினமும் எத்தனையோ பேர் கையை நீட்டிப் படுக்கிறார்கள் என்பது அவருக்கு இன்றுதான் உறைத்தது. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் இவளுடைய வேலையைத் தான் பார்த்ததே இல்லை என்று வெட்கமாகவும் இருந்தது.

கடைசிக் குமிழியும் போனது. வண்டியை இறக்கினாள். அவர் இன்ஜினைப் போட்டார். முனகல் இல்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் திருப்பினார். ஒரு கையை எடுத்தார். பிறகு ஒரே விரல். சக்கரம் சொன்னபடி கேட்டது. கண் கலங்கியதை மறைக்க வண்டியின் முன் கண்ணாடியைத் துடைத்தார்.

ஒரு அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து, கால் மணி நேரம் ஓடவிட்டும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அப்போதுதான் வந்து சேர்ந்தார் வாங்க வந்த கண்ணாடிக் கடைக்காரர். உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார்.

"பூ மாதிரி திரும்புது! இதைப் போய் ஏன் சார் விக்கறீங்க?"

"விக்கலைங்க" என்றார் பேக்கரிக்காரர். "மன்னிச்சுக்கங்க, உங்களை அலைய விட்டுட்டேன். இத்தனை நாளா என் கைதான் போயிடுச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன். போனது குழாய். கண்டுபிடிச்சவ இவ."

வந்தவர் ஒன்றும் புரியாமல், சிரித்துவிட்டுக் கிளம்பினார். கை துடைத்துக்கொண்டிருந்த மருமகள் அப்படியே நின்றாள்.

"இதுக்கா மாமா வண்டியை நிறுத்தினீங்க? எம்மேல ஏதோ வருத்தம்னு இல்ல நெனச்சேன்! ரெண்டு மாசமா கேக்க பயந்துக்கிட்டு..."

அவர் சாவியை ஆணியில் மாட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளையிலேருந்து நான்தான் கொண்டு போய் விடுவேன். எத்தனை மணிக்குத் தயாரா இருப்பே?"

"அஞ்சரை பஸ்ஸுக்காக தினமும் நாலரைக்கு எழுந்துக்கறேன் மாமா. நாளைக்கு ஆறு வரைக்கும் தூங்குவேன். யாரும் எழுப்பக் கூடாது."

மறுநாள் ஆறு மணி வரை அந்த வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. பேக்கரிக்காரர் தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்காமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.