எண்பத்தேழு சதவீதம் சுரேந்தர்

துடியலூர் மாரியாத்தாளின் மகன் சுரேந்தர், பட்டாளத்தில் சேர்ந்த நாற்பதாவது நாள், எண்பத்தேழு சதவீதம் மட்டும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தான். மீதிப் பதிமூன்று சதவீதம், அதாவது இரண்டு பாதம், வலது கை, விறைப்பாக நிற்கத் தேவையான முதுகெலும்பு, வடக்கே பயிற்சி முகாமிலேயே தங்கிவிட்டது. பாதம் இல்லாததால் தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்தான். கண்டக்டர் முழு டிக்கெட்டே கிழித்தார்.

காரணம் பீளமேட்டில் இருந்தது. புதிய சிப்பாய்களில் யார் பாதியில் ஓடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல, அங்கே ஓர் அலுவலகத்தில் நந்திதா என்ற பொறியாளர் ஒரு கணிப்பு மாடல் செய்திருந்தாள். வருடத்தில் எத்தனை நாள் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும் என்று படிவத்தில் ஒரு கேள்வி. மற்ற ஊர்க்காரர்கள் விவரமாகப் பூஜ்யம் போட்டார்கள். சுரேந்தரோ மாரியம்மன் நோம்பி, கிடாவெட்டு, பங்காளி வீட்டுக் காதுகுத்து, ஒன்றுவிட்ட மாமன் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று ஒரு விசேஷத்தையும் விடாமல் நாற்பத்தொரு நாள் எழுதினான். எண்பத்தேழு சதவீதம் போய்விடுவான் என்றது மாடல். போய்விட்டான்.

அவனுக்குப் பட்டாளம் என்றால் உயிர். ஆறு மாதம் முடிவதற்குள் ஓடிவந்தவன் என்று பெயர் விழுந்துவிட்டால் மறுபடி சேர முடியாது. மிதந்தபடியே பீளமேடு போனான்.

"ஏனுங்க அம்மணி, நானு ஓடி வரலீங்க. என்னைய முழுசா அங்கயே அனுப்பிப்போடுங்க."

"அப்பறம் எதுக்குங்க நாப்பத்தோரு நாள்னு எழுதுனீங்க?"

"எழுதாம உட்டா மாமன் சங்கடப்படுவாருங்க. அதுல நாலு விசேஷத்துக்குப் போனாலே பெருசுங்க."

நந்திதா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமன் சங்கடத்துக்கு மாடலில் இடமே இல்லை; வந்ததைத் திருப்பி அனுப்ப வழியும் இல்லை.

ஆறாம் மாதம் முகாமில் அணிவகுப்பு நடந்தது. மகனின் எண்பத்தேழு சதவீதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாரியாத்தாள் பார்த்தாள். பதிமூன்று சதவீதம் ஓர் அடி பிசகாமல் நடந்து சல்யூட் அடித்தது. சல்யூட்டிலிருந்து இறங்கும் முன் அந்தக் கை அவளைப் பார்த்து லேசாக ஆடியது. அவள் அழுதுவிட்டாள். நந்திதாவின் அட்டவணையில் 'இருந்தான்', 'ஓடினான்' என்று இரண்டே கட்டங்கள். 'இருந்தான்' என்பதில் குறியிட்டாள். பதிமூன்று சதவீதம் இருப்பான் என்றும் அதே கணக்குத்தானே சொன்னது என்று, மாடல் பலித்ததாகவே அலுவலகம் சொல்லிக்கொண்டது.

இப்போது பதிமூன்று சதவீதம் எல்லையில் காவல் நிற்கிறது. எண்பத்தேழு சதவீதம் நாற்பத்தொரு விசேஷத்துக்கும் போகிறது. மாரியாத்தாளுக்கு ஒரே குறை, பந்தியில் மகன் இடது கையால் சாப்பிடுகிறான். நந்திதாவுக்குப் போன் போட்டாள்.

"கண்ணு, அந்தச் சோத்துக்கைய மட்டும் ஊட்டுக்கு அனுப்பி உடக்கூடாதுங்களா?"

"லீவு கேக்கணுமுங்க."

கேட்டார்கள், கிடைத்தது. நோம்பிக்கு நோம்பி வலது கை மட்டும் பத்து நாள் லீவில் வருகிறது. அந்தப் பத்து நாளும் மாரியாத்தாள் கறிச்சோறுதான் ஆக்குகிறாள்.